ஓவியரும் சுயவிபரக் கோவையும்



ஓவியம் எழுதுபவருக்குச் சுயவிபரக் கோவை எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே உளர். படமே பேசாதா என்பது அவர்கள் வாதம். படம் பேசும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆயின், ஒரு கண்காட்சிக்கு யாரை அழைப்பது, ஓர் உதவித்தொகையை யாருக்கு வழங்குவது, ஒரு மண்டபத்தின் சுவரை எவர் கையில் ஒப்படைப்பது என்று முடிவுசெய்கின்ற மேசைக்குப் படம் நேரே வந்து சேர்வதில்லை. அதன் நிழற்படங்கள் சிலவும், அவற்றோடு இரண்டொரு தாள்களுமே வருகின்றன. அந்தத் தாள்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன். சித்திரம், சிற்பம், அச்சுப்பதிவு, நிழற்படம் என எத்துறையில் உழைப்பவராயினும், கட்புலக் கலைஞர் எனத் தம்மைக் கருதும் ஒவ்வொருவருக்கும் இப்பேச்சு உரியது. அவர்களைப் பெற்றோரும் கற்பித்தோரும் உடனிருந்து கேட்டால் இன்னும் நன்று.

ஓர் அரசினர் பாடசாலை அதிபருக்கும் இவ்விடயத்துக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினவலாம். அதிபரின் மேசைக்கு மாணவர் வரவு இடாப்பும் சுற்றுநிருபமும் மாத்திரமே வரும் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய மாணவர்கள் சான்றிதழ்ப் பிரதிகளை அத்தாட்சிப்படுத்துவதற்கும், நற்சான்றிதழ் பெறுவதற்கும் ஆண்டு முழுவதும் வந்துகொண்டேயிருப்பர். வரும்போது 'பயோடேட்டா' என்னும் தாளையும் கொண்டுவந்து, 'சேர், இது சரியோ என்று ஒருக்கால் பாருங்கோ' என்பர். அவ்வாறு நான் பார்த்த தாள்களுக்குக் கணக்கில்லை. அவை யாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முழுப்பெயர், தந்தை பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், மதம், விவாக நிலை, கிராம அலுவலர் பிரிவு; அதன் கீழே க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் கட்டம் போட்டு, பின்னர் உயர்தரப் பெறுபேறுகள், பின்னர் விளையாட்டு, ஈற்றில் உறவினரல்லாத இருவரின் பெயர், முகவரி. இலிகிதர் பதவிக்கு விண்ணப்பிப்பவருக்கு இஃது ஏற்ற உடைதான். ஓவியருக்கோ அது பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டது போன்றது.

சில ஆண்டுகளின் முன் பழைய மாணவி ஒருவர் இவ்வாறு ஒரு தாளோடு வந்தார். கட்புலக் கலையிற் சிறப்புப் பட்டம் பெற்றவர். கொழும்பில் நடைபெறவிருந்த கண்காட்சி ஒன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. முதற் பக்கத்தில் அவர் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பெற்ற சித்திகள் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. வலைப்பந்தாட்டமும் இருந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில், 'வேறு தகைமைகள்' என்ற தலைப்பின் கீழ், 'கண்காட்சிகளிற் பங்குபற்றியுள்ளேன்' என ஒரு வரி. எந்தக் கண்காட்சிகள் என்று கேட்டேன். விரல் மடித்து எண்ணிச் சொன்னார்: ஏழு. அவற்றுள் இரண்டு கொழும்பில் நடந்தவை. ஒன்றுக்கு அச்சிட்ட விபரக்கொத்து உண்டு. மற்றொன்று தம் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபத்தில் மூன்று நாள் அவர் தனியே நடத்தியது. இவற்றை ஏன் எழுதவில்லை என்றேன். 'அதெல்லாம் எழுதினால் பெருமை பேசுற மாதிரி இருக்கும், சேர்' என்றார்.

அவரை அன்று இருத்தி வைத்து அந்த ஏழையும் எழுதுவித்தேன். தாள் ஒன்றரைப் பக்கமாயிற்று. அவ்விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பதையும் உங்களுக்கு மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். சுயவிபரக் கோவை ஒருவரைத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தினுள் இருத்தும் மந்திரமன்று. ஆனால் எழுதாமல் விட்ட ஏழு கண்காட்சிகள், தெரிவுக்குழுவைப் பொறுத்தவரையில், நடவாத கண்காட்சிகளே.

பெருமை பேசலாகாது என்னும் எண்ணம் நம் வீடுகளில் வளர்வது. நல்ல எண்ணமும் கூட. ஆயின் நம் இலக்கண நூலார் இதனை நம்மைவிட நுட்பமாக ஆராய்ந்திருக்கின்றனர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் யார் என்று கூறுமிடத்தில், எத்துணை பெரிய நூலைச் செய்து முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்று விதிக்கிறார். அத்துடன் நிறுத்தினாரா என்றால், இல்லை. அடுத்து வரும் சூத்திரத்தில் நான்கு இடங்களுக்கு விலக்கும் தருகிறார். அரசனுடைய அவைக்கு ஓலை எழுதி விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போதும், சபையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன் சிறப்பைத் தானே சொல்லலாம் என்பது அவர் தீர்ப்பு. முதலிரண்டு இடங்களையும் சற்று எண்ணிப்பாருங்கள். விண்ணப்பம் என்பது அவைக்கு விடுக்கும் ஓலை. தெரிவுக்குழுவினர் நம் ஆற்றலை அறியாதவர்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் மாணவர் மனனஞ்செய்துவரும் நூலே அனுமதித்திருக்கும்போது, நாம் கூசுவானேன்?

உண்மையை நோக்கின், செம்மையான கோவையில் தற்புகழ்ச்சிக்கு இடமே இல்லை. 'புகழ்பெற்ற', 'தனித்துவம் வாய்ந்த', 'பல்துறை ஆற்றலுடைய' என்னும் அடைமொழிகளை எல்லாம் நீக்கிவிட வேண்டும். எஞ்சுவது என்ன? இன்ன கண்காட்சி, இன்ன இடத்தில், இன்ன ஆண்டில் என்ற செய்திகள். நன்னூலார் பாயிரத்துக்குச் சொன்ன உறுப்புகளுள் ஆக்கியோன் பெயர், நூற்பெயர், காலம், களம் என்பவை நான்கு. ஓவியரின் கோவையிலும் ஒவ்வொரு வரிக்கும் ஏறத்தாழ இவையே உறுப்புகள். வேறொருவர் தேடிப் பார்த்து, ஆம், இது நடந்ததுதான் என்று உறுதிசெய்யக் கூடியதாய் ஒவ்வொரு வரியும் இருத்தல் வேண்டும். அத்தகைய வரி பெருமை பேசுவதாகாது. அது சாட்சி சொல்வது.

இனி உறுப்புகளை நோக்குவோம். முதலாவது பெயர். இதில் என்ன சிக்கல் என்று நினைப்பீர்கள். நம்மவர்க்கு இதுவே பெருஞ்சிக்கல். செல்லையா என்னும் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தமிழிலே 'செ.' என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் 'சி' என்பார், மற்றொருவர் 'எஸ்' என்பார். ஒரு விபரக்கொத்தில் முதலெழுத்து முன்னே நிற்கும். மற்றொன்றில் தந்தை பெயர் முழுமையாகப் பின்னே வரும். பெண்கள் திருமணத்தின் பின் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிவிடுவதும் உண்டு. பத்தாண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் தேடும்போது, ஒரே ஓவியர் மூவராகப் பிரிந்து நிற்பார். ஆகையால் முதற் கண்காட்சியிலேயே ஒரு வடிவத்தைத் தெரிந்துகொண்டு, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என நிலைப்படுத்தி, கடைசிவரையும் அதனையே கையாளுங்கள். திருமணம் உங்கள் அடையாள அட்டையை மாற்றலாம். ஓவியத்தின் மூலையில் இடுகின்ற கையொப்பத்தை மாற்ற வேண்டியதில்லை.

பெயரின் கீழே, பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், இப்போது வாழ்ந்து பணியாற்றும் ஊர், மின்னஞ்சல், தொலைபேசி இலக்கம் என்பன போதும். மதமும் விவாக நிலையும் அங்கு வேண்டா. அடையாள அட்டை இலக்கத்தைக் கண்ட கண்ட இடமெல்லாம் அனுப்புவது பாதுகாப்பும் அன்று.

கல்வி என்னும் தலைப்பில் கலைக் கல்வியை முதலில் எழுதுக. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர். பொன். இராமநாதன் பீடத்திலோ, மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்திலோ, கொழும்பில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலோ பட்டம் பெற்றவராயின், பட்டமும் நிறுவனமும் ஆண்டும் ஒரே வரியில் அடங்கும். சாதாரண தரத்துக் கணித சித்தியை அங்கே தேடுவார் இல்லை. கலைக் கல்லூரியின் வாசலையே மிதியாதவர் என்ன செய்வது? வருந்த வேண்டியதில்லை. இந்நாட்டின் நவீன ஓவியருள் தலைசிறந்தவராக எண்ணப்படும் ஜோர்ஜ் கீற், ஓவியத்தில் முறையான பயிற்சி எதுவும் பெற்றவரல்லர்.

அவரை எடுத்துக்காட்டாகக் கொண்டே கோவையின் நடுப்பகுதியை விளக்கிவிடலாம் என்று தோன்றுகிறது. எழுதுகோலும் தாளும் அருகில் வைத்திருப்போர் குறித்துக்கொள்க. மேலே, 'ஜோர்ஜ் கீற்' என்று பெயர். அதன் கீழ், 'பிறப்பு 1901, கண்டி'. கல்வி: 'திரித்துவக் கல்லூரி, கண்டி'. அங்ஙனம் ஒரே வரியோடு கல்வி முடிந்துவிடும். தனிக் கண்காட்சிகள் என்ற தலைப்பில், '1954, சமகாலக் கலைகள் நிறுவனம், இலண்டன்'. குழுக் கண்காட்சிகள் என்ற தலைப்பில், '1953, 43 குழு, பெற்றி பலே, பாரிஸ்'. அதன் கீழே, '1952, 43 குழு, இம்பீரியல் இன்ஸ்ரிரியூற், இலண்டன்'. ஒப்படைக்கப்பட்டுச் செய்த பணிகள்: '1939 - 40, சுவரோவியங்கள், கோதமி விகாரை, பொரளை, கொழும்பு'. இவரைப் பற்றிய நூல்: 'மார்ட்டின் ரசல், ஜோர்ஜ் கீற், மார்க் வெளியீடு, பம்பாய், 1950'. இவை அவர் வாழ்வில் ஒரு சிறு பகுதியே. 1993 வரை வாழ்ந்தவர் அவர். எனினும் எந்த வரியிலும் ஓர் அடைமொழியேனும் இல்லாமலே, கேட்கும் உங்களுக்கு ஓர் உருவம் எழுந்து தெரிகிறதல்லவா? கல்விக்கு ஒரு வரி. மண்டபங்களுக்குப் பல வரிகள். அந்த ஏற்றத்தாழ்வே அவரை யாரென்று சொல்லிவிடுகிறது.

இங்கே சில நுணுக்கங்கள் உண்டு. அண்மையில் நடந்தது மேலே, பழையது கீழே என்பது பெரும்பாலும் எந்நாட்டிலும் கைக்கொள்ளப்படும் ஒழுங்கு. ஆண்டு, கண்காட்சியின் பெயர், மண்டபம், ஊர் என்ற வரிசையை ஒருமுறை தெரிந்தால் கடைசி வரியளவும் மாற்றலாகாது. மண்டபத்தின் பெயரை மட்டும் எழுதி ஊரை விட்டுவிடுதல் நம்மவர் வழக்கம்; வீரசிங்கம் மண்டபம் எங்கே இருக்கிறது என்பது யாழ்ப்பாணத்தார்க்குத் தெரியும், பெர்லின் நகரில் இருந்து வாசிப்பவர்க்குத் தெரியாது. தெரிவுசெய்து அமைத்தவர் ஒருவர் இருப்பின் அவர் பெயரையும் சேர்க்க. தனிக் கண்காட்சி ஒன்றே செய்தவர், அதற்கெனத் தலைப்பிட்டால் அவ்வரி தனிமரமாக நிற்கும். 'கண்காட்சிகள்' என்று பொதுத் தலைப்பிட்டு, அந்த ஒன்றின் பக்கத்தில் 'தனி' என்று குறித்தாற் போதுமானது. ஜோர்ஜ் கீற் மன்றம் 1993 இல் தொடங்கிய கலாபொல போன்ற திறந்தவெளிக் கலைச்சந்தைகளில் இடம்பெற்றதை எழுதலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாக எழுதுக, ஆனால் சந்தையைச் சந்தை என்றே எழுதுக. அதைத் தனிக் கண்காட்சி ஆக்கிவிட்டால், அதனை நன்கறிந்த கொழும்பு வாசகர் புன்னகைப்பார். அப்புன்னகை மற்ற வரிகளின் மேலும் விழும்.

பல்கலைக்கழக இறுதியாண்டுக் கண்காட்சி முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு இருக்கட்டும். அதன் பின் தானே உதிரும் பழுத்தல் இலை அது. பாடசாலைக் காலத்து அகில இலங்கைச் சித்திரப் போட்டிப் பரிசு அதற்கும் முன்னரே உதிர்ந்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது பரிசளித்த பாடசாலைகளின் சார்பில் எனக்கும் சற்று மனவருத்தம் உண்டு.

விருதுகளுக்கு வருவோம். அரச விருதுகள், உதவித்தொகைகள், பிற நாட்டிலோ நம் நாட்டிலோ தங்கியிருந்து பணியாற்றக் கிடைத்த வதிவிட வாய்ப்புகள் ஆகியன ஆண்டோடும் வழங்கியவர் பெயரோடும் எழுதத் தக்கவை. மூத்த கலைஞராயின் கலாபூஷணம் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் நம் பிரதேசங்களில் விழாத்தோறும் வழங்கப்படும் பட்டங்களும், போர்த்தப்படும் பொன்னாடைகளும் வேறு வகை. அன்பின் பேரால் வந்தவற்றை நான் இழித்துரைக்கவில்லை. என் வீட்டு அலுமாரியிலும் நாலைந்து பொன்னாடைகள் உண்டு. ஒரு பட்டத்தின் பெயர் எனக்கே மறந்துபோயிற்று. ஓவியரின் கோவையில் அவை நிரம்பிவிட்டால், படத்தைப் பார்க்க வந்தவர் படத்துக்கு முன்னால் துணிக்கடையைக் காண்பார். பட்டங்கள் வீட்டில் இருக்கட்டும்.

மறுபுறத்தில், எழுத வேண்டியவற்றை எழுதாது விடுவதும் நம்மிடம் உண்டு. கோயில் மண்டபத்துச் சுவரில் ஆறு மாதம் சாரத்தில் நின்று புராணக் காட்சிகள் தீட்டியவர், அதனைக் 'கூலிக்குச் செய்தது' என ஒதுக்கிவிடுகிறார். தேவாலயத்துப் பீடத்துக்குச் சொரூபம் வடித்தவரும், நாடகத்துக்குக் காட்சித்திரை எழுதியவரும், கவிதை நூல்களுக்கு அட்டைப்படம் வரைந்தவரும் அவ்வாறே நினைக்கின்றனர். கீற் அவர்களின் பொரளை விகாரைச் சுவர்களும் ஒருவர் ஒப்படைக்க அவர் செய்தவைதாம். ஒப்படைக்கப்பட்டுச் செய்த பணிகள் என்று தலைப்பிட்டு, ஆலயத்தின் பெயர், ஊர், பணியின் தன்மை, ஆண்டு என்பவற்றை எழுதுங்கள். அட்டைப்படமோ இன்னும் உறுதியான சான்று. நூலின் உட்பக்கத்தில் உங்கள் பெயரும் ஆண்டும் அச்சிலேயே இருக்கும்.

படைப்புகள் எவர் சேகரிப்பில் உள்ளன என்பது பிறிதொரு தலைப்பு. அருங்காட்சியகம், பல்கலைக்கழகம், வங்கி போன்ற நிறுவனங்களின் பெயரை எழுதலாம். தனியார் வாங்கியிருப்பின் அவர் சம்மதமின்றிப் பெயர் எழுதுதல் முறையன்று. 'தனியார் சேகரிப்பு, கனடா' என்றால் நிறைந்தது. என் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய மாணவர் அன்பளித்த நீர்வர்ணப் படம் தொங்குகிறது. அதனையும் அவர் தனியார் சேகரிப்பு என எழுதலாமோ என்றால், எழுதட்டும். ஆனால் தலைப்பின் கீழ் அது ஒன்றே இருக்குமாயின், அத்தலைப்பையே இன்னும் சில ஆண்டுகள் பிற்போடுவது நன்று என்பேன்.

இதுகாறும் சொன்னவை ஒழுங்கு பற்றியவை, எவரும் கற்றுக்கொள்ளலாம். இனிச் சொல்லப் புகுவது நம் வடக்கு, கிழக்கு மாகாணக் கலைஞர்களுக்கே சிறப்பாக உரியது. இங்கே கோவை எழுத அமர்பவர் பலரின் எழுதுகோல் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. விபரக்கொத்து இல்லை, அழைப்பிதழ் இல்லை, பத்திரிகைத் துணுக்கு இல்லை, படமும் இல்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் எதைக் கொண்டுபோனார்கள்? 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து நடந்தவர்கள் எதைச் சுமந்தார்கள்? 2004 டிசம்பர் 26 ஆந் திகதி கீழைக் கரையில் கடல் எதை விட்டுவைத்தது? 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தாலே பெரும்பேறு. கன்வசைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு ஓடியவர் மிகச் சிலர்.

இவர்களுக்கு நான் சொல்லக் கூடியவை இரண்டு. ஒன்று, கோவையில் இடைவெளி இருப்பது குறையன்று. உத்தியோகத்துக்கு விண்ணப்பிப்பவரிடம், இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை எங்கிருந்தீர் என்று கேட்பார்கள். ஓவியரிடம் எவரும் அங்ஙனம் கேட்பதில்லை. 1994 ஆம் ஆண்டு வரிக்கு அடுத்து 2003 ஆம் ஆண்டு வரி வருமாயின் வரட்டும். அவ்விடைவெளிக்கு அங்கே விளக்கம் எழுத வேண்டியதில்லை. அதைச் சொல்ல விரும்பினால், அதற்கு இடம் கலைஞர் கூற்று எனப்படும் வேறொரு தாள். நான் எதை, எதனால், எவ்வாறு செய்கிறேன் என்று கலைஞர் தம் சொல்லிலே கூறுவது அது. கோவை ஆண்டுகளின் வரிசை; கூற்று மனத்தின் வரிசை. இரண்டையும் ஒரு தாளிற் குழைத்தால் இரண்டும் கெடும்.

மற்றது, படம் அழிந்துவிட்டதனால் கண்காட்சி அழிந்துவிடாது. 1988 இல் ஒரு மண்டபத்தில் உங்கள் பன்னிரண்டு படங்கள் தொங்கினவென்றால், அவற்றுள் ஒன்றேனும் இன்று இல்லாவிடினும், அக்கண்காட்சி நடந்தது நடந்ததே. அவ்வரியை எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. சான்று வேண்டுமாயின் தேடும் வழிகளும் உள. 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணைய நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகளும், பத்திரிகைகளும், பாடசாலை மலர்களும், விழா மலர்களும் ஆயிரக்கணக்கில் வாசிக்கக் கிடைக்கின்றன. ஏதேனும் ஒரு மலரின் மூலையில் உங்கள் பெயர் இருக்கக் கூடும். பழைய பத்திரிகைகளைக் கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பார்க்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினரின் நிழற்படத் தொகுப்புகளைக் கேட்டுப் பாருங்கள். திறப்பு விழாவில் மாமாவை எடுத்த படத்தின் பின்னணியில் உங்கள் ஓவியம் தெரியும். அப்படத்தின் பின்புறத்தில், மை மங்கி, ஒரு திகதியும் இருக்கலாம். எல்லாம் தேடியும் ஆண்டு உறுதிப்படாவிடின், '1988 அளவில்' என்று எழுதுவது நேர்மை. வசதிக்கு ஓர் ஆண்டை ஊகித்து எழுதிவிடுதல் தகாது. நாளை அந்த ஊகமே வரலாறாகிவிடும்.

வரலாறு என்ற சொல்லை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. 1943 இல் கொழும்பிலே தோன்றிய 43 குழுவின் கதையை, ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1993 இல், நெவில் வீரரத்ன ஒரு பெரிய நூலாக எழுத முடிந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் தம் இல்லமும் தாம் சேர்த்த ஓவியங்களும் நிலைபெறும்படி 1974 இல் சப்புமல் நிறுவகத்தை ஏற்படுத்தினார். இன்றும் நாம் அங்கு சென்று பார்க்கலாம். அக்குழு தோன்றுவதற்கு முன்பே, 1938 இல், யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை முதலானோர் வின்சர் ஓவியக் கழகத்தை நடத்தத் தொடங்கிவிட்டனர் என்பதை நேயர்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்? ஓவியர் அ. மாற்கு பற்றி நாம் சற்றுக் கூடுதலாக அறிந்திருப்பதற்கு, அவரைச் சிறப்பிக்கும் 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலர் 1987 இல் அச்சேறியது ஒரு முக்கிய காரணம். மலர் வெளியிட நண்பர்கள் வாய்க்காத ஓவியர்கள், சிறு ஊர்களில் சித்திர ஆசிரியர்களாக இருந்து ஓய்வுபெற்று மறைந்தவர்கள், எத்தனையோ பேர். எந்த ஆண்டில் எதை எழுதினார், எங்கே காட்டினார், யார் கொண்டுபோனார் என்று அவர்கள் ஒரு கொப்பியில் வரிவரியாகக் குறித்து வைத்திருந்தால், இன்று ஆய்வு செய்யும் மாணவர் வீடு வீடாகச் சென்று முதியவர்களின் ஞாபகத்தைத் துருவ வேண்டியிராது.

ஆதலின் கோவைகள் இரண்டு வேண்டும் என்பது என் துணிபு. ஒன்று, வீட்டிலே இருக்கும் முழுப் பட்டியல். அதில் எதையும் விடலாகாது. பாடசாலைப் பரிசும், ஊர் மண்டபக் கண்காட்சியும், மறந்துபோன பட்டமும் அதில் இருக்கலாம். மற்றையது, அதிலிருந்து அவ்வப்போது தெரிந்தெடுத்து அனுப்புவது. 'தெரிவுசெய்யப்பட்ட கண்காட்சிகள்' என்று தலைப்பில் ஒரு சொல் சேர்த்துவிட்டால், விட்டவற்றுக்காக எவரும் குறைசொல்லார். இளைஞருக்கு ஒரு பக்கம் போதும். இருபது ஆண்டு உழைத்தவருக்கும் மூன்று பக்கத்தின் மேல் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. அழைப்பில் அளவு சொல்லியிருந்தால் அதுவே சட்டம்.

சித்திர ஆசிரியராகவும் ஓவியராகவும் இருப்பவர்கள் நம்மிடையே மிகப் பலர். இவர்கள் கல்வித் திணைக்களத்துக்கு எழுதும் தாளையே கலைக்கூடத்துக்கும் அனுப்பிவிடுகின்றனர். ஆசிரியர் சேவையில் எந்தத் தரம், எந்த வலயம், எத்தனை ஆண்டு கடினப் பிரதேசம் என்பன கலைக்கூடத்துக்குப் புரியா. கற்பித்தலை ஒரு வரியில், கண்காட்சிகளின் பின்னர் வைக்கலாம். முன்னே வைத்தால், படிப்பவர் மனத்தில் நீங்கள் ஓவியம் எழுதும் ஆசிரியர் ஆவீர்கள். பின்னே வைத்தால் கற்பிக்கும் ஓவியர். உங்களை நீங்கள் எவ்வாறு கருதுகிறீர்கள் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதனால் என் பாடசாலைச் சித்திர ஆசிரியர் நாளைக்கு விடுமுறை கேட்டு வருவாரோ என்ற பயமும் எனக்கு இல்லாமலில்லை.

தோற்றத்தைப் பற்றிச் சிறிது. ஓவியர் அனுப்பும் தாள் ஆதலால் அதையும் ஓவியமாக்க வேண்டும் என்று எண்ணி, வண்ணக் கரையிட்டு, மூலையில் தூரிகை வரைந்து, எழுத்தை வளைத்தும் நெளித்தும் அனுப்புவோர் உண்டு. வெள்ளைத் தாள், கறுப்பெழுத்து, ஒரே எழுத்துரு, போதிய இடைவெளி. அழகு படத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் அனுப்ப நேர்ந்தால், கண்காட்சியின் தமிழ்ப்பெயரை ஒலிபெயர்த்து எழுதி, பொருளைப் பக்கத்தில் தருக. தமிழ்ப்பெயரை அடியோடு மாற்றிவிட்டால், பின்னாளில் தமிழ் விபரக்கொத்தோடு ஒப்பிடுவார்க்கு இரண்டும் வெவ்வேறு கண்காட்சிகளாகத் தோன்றும். படங்களின் பட்டியல் கோவையிற் சேராது. அது தனித் தாள். அதில் ஒவ்வொரு படத்துக்கும் பெயர், ஆண்டு, தைலவர்ணமோ அக்ரிலிக்கோ என்ற ஊடகம், சென்ரிமீற்றரில் அளவு ஆகியவை வேண்டும். உயரம் முன்னும் அகலம் பின்னுமாக எழுதுவது வழக்கம். மாற்றி எழுதினால் நின்ற படம் படுத்துவிடும்.

நடக்கவிருக்கும் கண்காட்சியை, கையில் உறுதிக் கடிதம் இருந்தாலன்றி எழுதாதீர்கள். பத்திரிகையில் வந்த விமரிசனத்தைக் குறிக்கும்போது, 'வீரகேசரியில் வந்தது' என்று மாத்திரம் எழுதினால் எவரால் தேட முடியும்? எழுதியவர் பெயர், தலைப்பு, பத்திரிகை, நாள், மாதம், ஆண்டு அத்தனையும் வேண்டும். அத்துணுக்கைக் கைத்தொலைபேசியால் ஒரு படமெடுத்து, பிறிதோர் ஊரில் உள்ள நண்பருக்கும் அனுப்பி வையுங்கள். ஏன் பிறிதோர் ஊரில் என்பது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. தாளின் அடியில் அதனைத் திருத்திய மாதத்தையும் ஆண்டையும் சிறிய எழுத்தில் இடுக. மின்னஞ்சலில் விடுப்பதாயின் பி.டி.எவ். கோப்பாக்கி, அதற்கு 'சீ.வி.' என்று பெயரிடாது, உங்கள் பெயரையும் ஆண்டையும் பெயராக இடுங்கள். பெறுபவரின் கணினியில் 'சீ.வி.' என்ற பெயரில் ஏற்கெனவே நூறு கோப்புகள் காத்துக்கிடக்கும்.